ஏழைப் பிள்ளைகளின் கோடை

1876-ஆம் ஆண்டு கோடையில், சூரிச் நகரத்தின் நெரிசலான தெருக்களில் வளர்ந்த 68 பள்ளிப் பிள்ளைகள் அப்பென்ட்செல் மலைக் கிராமங்களுக்குப் புறப்பட்டார்கள். அனுப்பியவர் ஹெர்மன் வால்ட்டர் பியோன் என்ற பாதிரியார். நகரத்துக்கு வருமுன் அவர் அந்த மலைப்பகுதியிலுள்ள ட்ரோகன் என்ற ஊரில் பணியாற்றியவர். அங்கத்திய காற்றையும் பாலையும் மக்களையும் நன்றாக அறிந்தவர். பத்திரிகையில் வேண்டுகோள் விடுத்துப் பணம் சேர்த்தார், ஆசிரியர்களைத் துணைக்கு அனுப்பினார். மறு ஆண்டே கடலுக்கு அப்பால், பென்சில்வேனியா மாநிலத்தில் ஷெர்மன் என்ற சிற்றூரின் பாதிரியார் வில்லார்ட் பார்சன்ஸ், நியூயார்க்கின் அடுக்குக் குடியிருப்புகளிலிருந்து சுமார் 60 குழந்தைகளை வரவழைத்துத் தம் சபையாரின் வீடுகளில் தங்கவைத்தார். அதே 1877-இல் லண்டனின் ஒயிட்சேப்பல் பகுதியில் சாமுவேல் பார்னெட்டும் அவர் மனைவி ஹென்றியெட்டாவும் ஒரு சில நோஞ்சான் பிள்ளைகளை நாட்டுப்புறத்துக்கு அனுப்பினார்கள். 1881-இல் பாரிஸ் அருகே தியோடோர் லோரியோ என்ற புராட்டஸ்டன்ட் பாதிரியாரும் அவர் மனைவி சுசானும் இதையே தொடங்கினார்கள். 1883-இல் பாரிஸ் நகரின் ஒன்பதாம் வட்டாரத்தில் எட்மன் கோத்தினே பள்ளிப் பிள்ளைகளுக்கான முதல் முகாமை நடத்தினார். ஏழே ஆண்டுகளில் நான்கு நாடுகள் ஏறக்குறைய ஒரே காரியத்தைச் செய்யத் தொடங்கிவிட்டன.

இது தற்செயல் அல்ல. தொழிற்சாலைகளைச் சுற்றி நகரங்கள் வீங்கின, சன்னலே இல்லாத உள்ளறைகளில் குடும்பங்கள் அடைந்து கிடந்தன, காசநோய் பரவியது. கோடை வெப்பத்தில் கைக்குழந்தைகள் வயிற்றுப்போக்கில் மடிந்தன. ஆனால் இவையெல்லாம் 1840-களிலும் இருந்தவைதானே. புதிதாக வந்தவை இரண்டு. ஒன்று ரயில்: ஒரு நாளில் மலையடிவாரம் வரை குழந்தைகளைக் கொண்டுபோய்விடலாம், கட்டணச் சலுகையும் கேட்டு வாங்கலாம். மற்றொன்று கட்டாயப் பள்ளிப்படிப்பு. 1870-க்கும் 1882-க்கும் இடையில் இங்கிலாந்து, சுவிட்சர்லாந்து, பிரான்ஸ் மூன்றும் ஏழைப் பிள்ளைகளைச் சட்டப்படி வகுப்பறைக்குள் கொண்டுவந்தன. அதுவரை பட்டறையிலும் சந்தையிலும் சிதறிக் கிடந்த பிள்ளைகள் ஆசிரியரின் கண்ணெதிரே வரிசையாக உட்கார்ந்தார்கள். யார் இருமுகிறான், யார் காலையில் சாப்பிடாமல் வருகிறாள் என்பது வருகைப்பதிவேடு வைத்திருப்பவருக்குத் தெரிந்துபோயிற்று. பள்ளிக்கூடம் வந்ததால் பள்ளி விடுமுறையும் வந்தது. அந்த விடுமுறையில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளை ஊருக்குப் போகும், ஏழைப் பிள்ளை தெருவில் கிடக்கும் என்ற வேற்றுமையும் முதன்முதலாக எல்லோர் கண்ணிலும் பட்டது.

இந்த வரலாற்றைக் கருணையின் வரலாறாகச் சொல்வதே வழக்கம். நல்ல மனிதர்கள் சிலர் இரங்கினார்கள், பிள்ளைகள் பசுமையைப் பார்த்தார்கள், கன்னத்தில் ரத்தம் ஏறித் திரும்பினார்கள் என்று. அது பொய்யில்லை. ஆனால் நான்கு நாடுகளின் அனுபவத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேறொன்று துலங்குகிறது. குழந்தை எங்கே போயிற்று, எத்தனை நாள் தங்கியது, எவ்வளவு எடை கூடியது என்பதைவிட, என்ன தகுதியில் போயிற்று என்பதே அந்தப் பயணத்தின் மதிப்பைத் தீர்மானித்திருக்கிறது. கொடையாளியின் தயவில் போகும் விருந்தாளியாகப் போயிற்றா, தன் ஊரின், தன் பள்ளியின் பிள்ளையாகப் போயிற்றா? ஒரே மலை, ஒரே பால், ஒரே இரண்டு வாரம். இந்த ஒன்று மாறினால் அனுபவம் முழுவதும் மாறிவிடுகிறது.

நியூயார்க்கை எடுத்துக்கொள்வோம். பார்சன்ஸ் தொடங்கிய முயற்சிக்கு முதலில் 'ஈவனிங் போஸ்ட்' நாளிதழும், 1882 முதல் 'ட்ரிப்யூன்' நாளிதழும் தோள்கொடுத்தன. 'ஃப்ரெஷ் ஏர் ஃபண்ட்' என்ற பெயரில் அது இன்றும் இயங்குகிறது. அதன் அன்றைய நடைமுறை எளிமையானது. கிராமத்துச் சபைகளுக்குப் போய்ப் பேசி, ஓரிரு வாரம் ஒரு குழந்தையை வைத்துக்கொள்ளச் சம்மதிக்கும் வீடுகளைப் பட்டியலிடுவார்கள். நகரத்தில் சமூகப் பணியாளர்கள் குழந்தைகளைத் தேர்ந்தெடுப்பார்கள். மருத்துவர் தொற்றுநோய் உண்டா, தலையில் பேன் உண்டா என்று சோதிப்பார். தேறியவர்களின் கழுத்தில் பெயரும் போய்ச் சேரவேண்டிய வீட்டு விவரமும் எழுதிய அட்டை தொங்கும். ரயில் நின்றதும் நடைமேடையில் காத்திருக்கும் குடும்பத்தினர் அட்டையைப் படித்துத் தங்கள் குழந்தையை அடையாளம் கண்டு அழைத்துப்போவார்கள். வீட்டுக்காரர்களுக்குப் பணம் எதுவும் கிடையாது. தந்தது முழுவதும் மனமுவந்து தந்தது. இந்த ஏற்பாட்டின் அழகும் அதன் சிக்கலும் இந்த இடத்தில்தான் இருக்கின்றன. கூலி வாங்காமல் தருபவர் வேறொன்றை எதிர்பார்ப்பது மனித இயல்பு. அந்த எதிர்பார்ப்பு குழந்தையின் முகத்தில் தெரியவேண்டிய மகிழ்ச்சி. முதன்முதலாகப் பசுவைப் பார்த்து வியக்கவேண்டும், புல்லில் வெறுங்காலோடு ஓடவேண்டும், திரும்பிப் போகும்போது அழவேண்டும். நன்கொடை திரட்டும் செய்திக் கட்டுரைகள் ஆண்டுதோறும் இந்தக் காட்சிகளையே திரும்பத் திரும்ப எழுதின. நகரத்திலும் தனக்குப் பிடித்தது உண்டு, அம்மாவின் சமையல் இங்குள்ளதைவிட ருசி, இரவில் இவ்வளவு இருட்டு பயமாயிருக்கிறது என்று சொல்லும் குழந்தைக்கு அந்தக் கட்டுரைகளில் இடம் சுருங்கியது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்தச் சிக்கல் நிறத்தின் உருவில் வெளிப்பட்டது. தொடக்கத்தில் அழைத்துவரப்பட்டவர்கள் ஐரோப்பியக் குடியேறிகளின் பிள்ளைகள். பிறகு பெரும்பாலும் கறுப்பினப் பிள்ளைகளும் போர்ட்டோ ரிக்கோப் பிள்ளைகளும் வெள்ளையர் வீடுகளுக்குப் போனார்கள். இனங்களுக்கிடையே நட்பை வளர்க்கும் வழி என்று பலரும் இதைப் பாராட்டினார்கள். அந்த நம்பிக்கையில் நேர்மை இருந்தது. ஆனால் டோபின் மில்லர் ஷியரர் என்ற வரலாற்றாசிரியர் 2017-இல் வெளியிட்ட நூலில், புதிதாக அழைக்கப்படும் குழந்தைகளுக்கு வயது வரம்பு வைக்கப்பட்டதையும், வளர்ந்த பையன்களையும் பெண்களையும் வீட்டுக்குள் விட விருந்தளித்தவர்கள் அஞ்சியதையும் விரிவாகக் காட்டுகிறார். சிறு குழந்தையாக இருக்கும்வரை அன்புக்குரியவன். மீசை அரும்பும் வயதில் அச்சத்துக்குரியவன். பயணமும் ஒருவழிப் பயணமாகவே இருந்தது. நகரத்துக் குழந்தை கிராமத்துக்கு வரும். கிராமத்துக் குழந்தை நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிக்குப் போய் அங்குள்ள இசையையும் தேவாலயத்தையும் கடைத்தெருவையும் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்று அந்த ஏற்பாடு கேட்கவில்லை. ஒரு பக்கம் கொடுக்கும் ஊர், மறுபக்கம் வாங்கும் ஊர் என்று இருந்துவிட்டால், வாங்கும் ஊரில் மதிக்கத்தக்கது எதுவுமில்லை என்ற பாடத்தை யாரும் வாய்திறந்து சொல்லாமலே குழந்தை படித்துக்கொள்ளும்.

பசித்த குழந்தைக்குப் பால் கிடைத்ததே, அது யார் கையால் வந்தால் என்ன என்று இதற்கு ஒரு கேள்வி எழலாம். நியாயமான கேள்வி. காசநோய்க்கு மருந்து இல்லாத காலத்தில் நல்ல காற்றும் சத்துணவும் ஓய்வும்தான் மருத்துவர்கள் சொல்லக்கூடிய வைத்தியம். உயிரா தன்மானமா என்று கேட்டால் எந்தத் தாயும் முதலில் உயிரைத்தான் சொல்வாள். ஆனால் அந்த இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற கட்டாயம் உண்மையில் இருக்கவில்லை. அதே காலத்தில், அதே பாலை, வேறு முறையில் கொடுத்துக் காட்டியவர்கள் இருந்தார்கள். ஆகவே இரக்கம் வேண்டுமா வேண்டாமா என்பது கேள்வியில்லை. இரக்கம் எந்த ஏற்பாட்டின் வழியாகக் குழந்தையை வந்தடைகிறது என்பதே கேள்வி.

லண்டன் இதில் ஒரு நடுவழியைக் கண்டது. பார்னெட் தம்பதியரின் முயற்சி 1884-இல் 'சில்ட்ரன்ஸ் கன்ட்ரி ஹாலிடேஸ் ஃபண்ட்' என்ற அமைப்பாக உருவெடுத்தது. அதன் விதிகளில் இரண்டு கவனிக்கத்தக்கவை. பெற்றோர் தம்மால் இயன்ற ஒரு பங்கைச் செலுத்தவேண்டும். குழந்தையை வைத்துப் பார்த்துக்கொள்ளும் கிராமத்துக் குடிசைக்காரருக்கு வாரத்துக்கு இவ்வளவு என்று பணம் தரப்படும். சும்மா கொடுத்தால் ஏழை சோம்பேறியாகிவிடுவான் என்ற அந்தக் காலத்துத் தர்ம நிறுவனங்களின் கடுமையான எண்ணத்திலிருந்துதான் முதல் விதி பிறந்தது. அந்த எண்ணத்தை ஏற்க முடியாது. வீடுவீடாகப் போய் யாரால் எவ்வளவு முடியும் என்று விசாரித்த தன்னார்வலர்களின் கண்கள் எத்தனை தாய்மார்களைக் கூசவைத்திருக்கும். ஆனாலும் அந்த விதி தன்னைப் படைத்தவர்கள் நினைக்காத ஒரு நன்மையைச் செய்தது. துறைமுகத் தொழிலாளி தன் கூலியிலிருந்து சில பென்னிகளைத் தந்தபோது, பிள்ளையை ஊருக்கு அனுப்பியவர் அப்பா ஆனார். குடிசைக்காரிக்கும் அது வருமானம். அவள் அந்தக் குழந்தையிடம் நன்றியை எதிர்பார்க்க வேண்டிய அவசியம் குறைந்தது. அவளும் ஏழைதான். ஏழை வீட்டுப் பிள்ளை ஏழை வீட்டில் தங்கியது.

பிரான்ஸ் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோயிற்று. அங்கே அதற்கு வாய்த்த கருவி, ஊர்தோறும் இருந்த பள்ளி நிதியம். 1882-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இதை ஒவ்வொரு ஊராட்சிக்கும் கட்டாயமாக்கியது. ஏழை மாணவர்களுக்குக் காலணி, உடை, புத்தகம், மதிய உணவு தருவது இதன் வேலை. பாரிஸ் பள்ளிகளின் மதிய உணவுக்கூடங்களில் இந்த நிதியம் கடைப்பிடித்த ஒரு சின்ன ஏற்பாட்டைப் பார்த்தால் போதும், அந்த மனப்பாங்கு விளங்கும். சாப்பிட வரும் குழந்தை ஒரு டோக்கனைக் கொடுக்கவேண்டும். காசு கொடுக்கக்கூடிய வீட்டுப் பிள்ளை அதை வாங்கிக்கொள்ளும், முடியாத வீட்டுப் பிள்ளைக்கு அது இலவசமாகத் தரப்படும். இரண்டு டோக்கனும் ஒன்றுபோலவே இருக்கும். மேசையில் உட்கார்ந்தபின் யார் காசு கொடுத்தவர், யார் கொடுக்காதவர் என்று பக்கத்திலிருப்பவருக்குத் தெரியாது. நியூயார்க் குழந்தையின் கழுத்து அட்டையும் பாரிஸ் குழந்தையின் கையிலிருந்த டோக்கனும் ஒரே தலைமுறையைச் சேர்ந்தவை. அட்டை அடையாளம் காட்டியது. டோக்கன் அடையாளத்தை மறைத்தது. இரண்டுக்கும் ஆன செலவில் பெரிய வித்தியாசம் இருந்திருக்க முடியாது.

கோத்தினே நடத்திய முகாம்கள் இந்த நிதியத்தின் பேரில் நடந்தவை. அவரும் தம் காலத்து மனிதர்தான். ஏழைகளிலும் நோஞ்சான்கள், நோஞ்சான்களிலும் நன்றாகப் படிப்பவர்கள் என்று பொறுக்கியெடுத்தார். புறப்படும் முன்னும் திரும்பிய பின்னும் பிள்ளைகளை எடைபோட்டு, மார்பளவு எடுத்து, அட்டவணை தயாரித்தார். நகரசபையிடம் பணம் கேட்க எண்கள் தேவைப்பட்டன. கிலோவில் காட்டக்கூடிய நன்மையை யாராலும் மறுக்க முடியாது. அப்படி எடைபோடும் பழக்கம் ஐரோப்பா முழுவதும் பல பத்தாண்டுகள் நீடித்ததில் ஒரு தீங்கும் இருந்தது: எடை கூடாத குழந்தைக்குக் கிடைத்தது எதுவும் கணக்கில் வரவில்லை. ஆனால் அவர் வலியுறுத்திய இன்னொன்றுதான் நிலைத்தது. பிள்ளைகளைத் தனித்தனியாகப் பிரித்து அந்நியர் வீடுகளில் விடக்கூடாது, தங்கள் ஆசிரியரோடும் தோழர்களோடும் கூட்டமாகப் போகவேண்டும், பார்த்ததை நாட்குறிப்பாக எழுதவேண்டும் என்றார் அவர். அந்நிய ஊரில் தனியாக நிற்கும் ஏழைக் குழந்தை பணிந்துதான் ஆகவேண்டும். முப்பது பேராகப் போனால் சிரிக்கலாம், முணுமுணுக்கலாம், சூப் நன்றாயில்லை என்றும் சொல்லலாம்.

அப்படியானால் குடும்பம் தரும் அன்பை எந்த முகாம் தரும் என்பது அடுத்த மறுப்பு. அமெரிக்க வீடுகளில் இரண்டு வாரத்துக்குப் போய், ஆண்டாண்டாகத் திரும்ப அழைக்கப்பட்டு, வாழ்நாள் உறவாக வளர்ந்த கதைகள் உண்டு. அவற்றைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. கூட்டமாக உறங்கும் நீண்ட கூடத்தில் இரவில் அழும் ஆறு வயதுக் குழந்தைக்கு ஒரு தாயின் மடிதான் வேண்டும். ஆனால் குடும்பத்தில் தங்குவது பிழை என்று நான் வாதிடவில்லை. பாரிஸை ஒட்டிய சுரேன் நகரம் இதற்குச் சான்று. 1919 முதல் 1941 வரை அங்கே மேயராக இருந்த சோஷலிஸ்ட் ஆன்றி செலியே, தொழிலாளர் பிள்ளைகளைக் கோடைதோறும் நடுப் பிரான்ஸின் நியேவ்ர் மாவட்ட விவசாயக் குடும்பங்களுக்கே அனுப்பினார். அந்தப் பகுதியின் மோர்வான் மலைப் பெண்கள் தலைமுறைகளாகப் பாரிஸ் குழந்தைகளுக்குப் பாலூட்டியவர்கள், பாரிஸின் ஆதரவற்ற குழந்தைகளைக் கூலிக்கு வளர்த்தவர்கள். குழந்தை வளர்ப்பது அங்கே ஒரு தொழில், அதில் தேர்ந்த கைகள் இருந்தன. சுரேன் நகராட்சி அந்தக் குடும்பங்களுக்குப் பணம் தந்தது, கண்காணித்தது. பெற்றோரும் தங்கள் பங்கைச் செலுத்தினார்கள். இந்த ஏற்பாடுகளை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் லோரா லீ டவுன்ஸின் எழுத்து வழியே சுரேனைப் பார்க்கையில், வீடு இருக்கிறது, அன்பு இருக்கிறது, ஆனால் கடன்பட்ட உணர்வு குறைவாக இருக்கிறது. அனுப்புவது தன் ஊர். கேள்வி கேட்கத் தன் மேயர் இருக்கிறார். அவருக்கு அடுத்த தேர்தலில் அப்பா ஓட்டுப் போடவேண்டும்.

பாரிஸின் தென்கிழக்கு எல்லையிலுள்ள இவ்ரி வேறு வழியில் போயிற்று. 1925-இல் மேயரான கம்யூனிஸ்ட் ழார்ஜ் மரானின் நகராட்சி, 1929-இல் அட்லாண்டிக் கரையோரப் பைன் காடுகளுக்கு நடுவே லெ மாத் என்ற இடத்தில் நிலம் வாங்கி முகாம் அமைத்தது. இவ்ரியின் உலோக ஆலைத் தொழிலாளிகளின் பிள்ளைகளுக்கு அதன் மூலம் கடலோரத்தில் சொந்தமாக ஓர் இடம் கிடைத்தது. சொந்தமாக என்ற சொல்லை அழுத்திச் சொல்லவேண்டும். அது யாருடைய மாளிகையின் தோட்டமுமல்ல. ஊர்ப் பணத்தில் வாங்கிய ஊர்ச் சொத்து. அக்கா போன இடத்துக்குத் தம்பி போனான், பிறகு அவர்களுடைய பிள்ளைகள் போனார்கள். போவது ஏழ்மையின் அடையாளமாக இராமல், இவ்ரிக்காரர் என்பதன் அடையாளமாக ஆனது.

கட்சி நடத்தும் முகாமில் கட்சிப் பாட்டைத்தானே சொல்லித்தருவார்கள்? எல்லா மறுப்புகளிலும் கனமானது இதுதான். பிரான்சில் கத்தோலிக்கச் சபைகளும் ஏராளமான முகாம்களை நடத்தின. குழந்தைகளின் கோடையைப் பிடிப்பவர் அவர்களின் நாளையைப் பிடிப்பார் என்று இரு தரப்பும் கணக்குப் போட்டது உண்மை. இன்னும் கொடிய சான்று இத்தாலி. முசோலினியின் ஆட்சி கடற்கரைகளில் பிரமாண்டமான முகாம்களைக் கட்டியது. மரீனா தி மாஸ்ஸாவில் 1933-இல் ஃபியட் நிறுவனம் தன் தொழிலாளர் பிள்ளைகளுக்காக எழுப்பிய உருண்டைக் கோபுரமும், கத்தோலிக்கா என்ற ஊரின் கடற்கரையில் 1934-இல் திறக்கப்பட்ட கப்பல் வடிவக் கட்டடங்களும் இன்றும் கட்டடக் கலை மாணவர்கள் பார்க்கப் போகும் இடங்கள். அங்கே பிள்ளைகளுக்கு வயிறாரச் சாப்பாடும் கடல் குளியலும் கிடைத்தன. கூடவே கொடிவணக்கம், சீருடை, அணிவகுப்பு. சிறுவர்களை வரிசையாக நிறுத்தி அவர்கள் உடல்களைக் கொண்டே தலைவனின் பட்டப்பெயரை எழுதிக் காட்டிய புகைப்படங்கள் உள்ளன. அங்கும் குழந்தை ஒரு தர்மவானின் விருந்தாளி அல்ல, அரசின் பிள்ளைதான். அப்படியென்றால் என் வாதம் உடைந்துவிடுகிறதா?

உடையவில்லை, ஆனால் அதைத் திருத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. இத்தாலியிலும் குழந்தை நன்றிக்கடன் பட்டது. கொடையாளி ஒரு சீமாட்டியாக இல்லாமல் ஒரு தலைவனாக இருந்தான், அவ்வளவே வேறுபாடு. அங்கே பெற்றோருக்குப் பேச்சுரிமை இல்லை, வேறு முகாமைத் தேடிப்போக வழியில்லை, அனுப்பியவரை ஓட்டுப்போட்டு இறக்கவும் முடியாது. பிரான்சில் தேவாலயமும் கம்யூனிஸ்ட் நகராட்சியும் சோஷலிஸ்ட் நகராட்சியும் ஆசிரியர் சங்கமும் போட்டிபோட்டுக்கொண்டு முகாம் நடத்தியதால், ஓரிடம் பிடிக்காத பெற்றோர் இன்னோரிடம் போக முடிந்தது. பொதுப்பணம் என்பதால் மட்டும் குழந்தை பணிவிலிருந்து விடுபட்டுவிடாது. அந்தப் பணத்தைக் கேள்வி கேட்கப் பெற்றோருக்கு வழி இருந்தால்தான் விடுபடும்.

முகாமுக்குள்ளும் கேள்வி கேட்க இடம் வேண்டும். அதை உண்டாக்கியவர்கள் கூட்டிப்போகும் இளைஞர்கள். 1930-கள் வரை பல முகாம்களில் பிள்ளைகளின் நாள், ஒரே மாதிரித் தொப்பி போட்டு இரண்டிரண்டு பேராகக் கைகோத்துச் சாலையோரம் நடப்பதிலும், கட்டாயமாகத் தூங்குவதிலும், மணியடித்ததும் சாப்பிடுவதிலும் கழிந்தது. கூட்டிப்போனவர்கள் காவல்காரர்களாகவே இருந்தார்கள். 1937-இல் ழிசேல் த ஃபய்யி என்ற கல்வியாளரும், சாரண இயக்கத்திலிருந்து வந்த ஆந்திரே லெஃபேவ்ரும் தென்பிரான்சில் எக்ஸ் நகரத்துக்கு அருகேயுள்ள போர்க்கேய் என்ற ஊரில் முகாம் வழிகாட்டிகளுக்கான முதல் பயிற்சியை நடத்தினார்கள். அங்கு வந்த இளைஞர்கள் சொற்பொழிவு கேட்கவில்லை; தாங்களே பாடினார்கள், விளையாடினார்கள், மரத்தைச் செதுக்கினார்கள், ஓடைக்கரையில் பூச்சிகளைக் கவனித்தார்கள். ஒரு குழந்தைக்கு எப்போது தனிமை வேண்டும், எப்போது கூட்டம் வேண்டும் என்று பேசினார்கள். அதிலிருந்து வளர்ந்த 'செமேயா' இயக்கம் இன்றுவரை நடக்கிறது. 1949-இல் அரசே முகாம் வழிகாட்டிகளுக்குச் சான்றிதழ் ஏற்படுத்தியது. ஒரு கோடையைப் பிள்ளைகளோடு கழிக்கப் போகும் பத்தொன்பது வயதுக் கல்லூரி மாணவிக்கும் பயிற்சி வேண்டும் என்று ஒரு நாடு முடிவெடுத்ததை நான் மிகப்பெரிய செய்தியாகக் கருதுகிறேன். நல்ல மனது இருந்தால் போதும் என்று நினைப்பது, ஏழைக் குழந்தைக்கு எது கிடைத்தாலும் போதும் என்று நினைப்பதன் மறுபக்கம்தானே.

இரண்டு வாரம் கடலைப் பார்த்துவிட்டு மீண்டும் அதே இருட்டறைக்குத் திரும்பும் குழந்தைக்கு என்ன மாறிவிட்டது என்று கேட்பவர்களும் உண்டு. உல்லாசப் பயணம் வீட்டு வசதிக்கும் கூலி உயர்வுக்கும் மாற்றாகாது, ஆள்பவர்களின் மனச்சாட்சியைத் தூங்கவைக்கவே உதவும் என்பார்கள். தனியார் கொடையில் இந்த ஆபத்து மெய்யாகவே இருந்தது. அடுக்குக் குடியிருப்பின் உரிமையாளர் வாடகையைக் குறைக்காமலே கோடை நிதிக்குப் பணம் தரலாம். ஆனால் சுரேனில் நடந்தது நேர்மாறு. அங்கே நியேவ்ருக்குப் பிள்ளைகளை அனுப்பிய அதே செலியேயின் முயற்சியால் தோட்ட நகர் ஒன்று எழுந்தது. மோன் வலேரியன் குன்றின் சரிவில், பலவீனமான பிள்ளைகளுக்காகத் திறந்தவெளிப் பள்ளியையும் அவருடைய நகராட்சி 1930-களில் எழுப்பியது. அதன் வகுப்பறைகள் தனித்தனிச் சிறு மண்டபங்கள். மூன்று பக்கமும் கண்ணாடிச் சுவர்கள் மடிந்து திறக்கும், வெயிலும் காற்றும் மேசை வரை வரும், மதியம் பிள்ளைகள் கட்டிலைப் போட்டு ஓய்வெடுப்பார்கள். கிராமத்தில் கிடைத்த காற்றை நகரத்துக்குள்ளேயே கொண்டுவரும் முயற்சி அது. பயணம் அங்கே தப்பித்தலாக இல்லை. அன்றாடம் எப்படி இருக்கவேண்டும் என்பதற்கான அளவுகோலாக இருந்தது. 1936-இல் மக்கள் முன்னணி அரசில் செலியே பொதுச் சுகாதார அமைச்சரானார். அதே அரசுதான் தொழிலாளிகளுக்குச் சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறையைச் சட்டமாக்கியது. பிள்ளைகளின் விடுமுறையை நகராட்சிகள் பல ஆண்டுகளாக நடத்திக் காட்டிய நாட்டில், பெற்றோருக்கும் விடுமுறை உரிமை உண்டு என்ற வாதம் அந்நியமாக ஒலிக்கவில்லை.

போருக்குப் பின் பிரான்சில் இந்த முகாம்கள் பெருகி, 1950-களின் நடுவில் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் போய்வந்தார்கள். தொழிற்சங்கங்களும் ரயில்வேயும் மின்வாரியமும் தங்கள் ஊழியரின் பிள்ளைகளுக்கு முகாம் நடத்தின. கணக்கரின் மகளும் துப்புரவாளரின் மகனும் ஒரே கூடாரத்தில் படுத்தார்கள். பிறகு மெல்ல மெல்ல அது கலைந்தது. பாதுகாப்பு விதிகள் கடுமையாகிச் செலவு ஏறியது. கடலோர நிலத்தின் விலை உயர, நகராட்சிகள் கட்டடங்களை விற்றன. குதிரையேற்றம், அலைச்சறுக்கு என்று தனித்தனித் தலைப்புகளில் கட்டண முகாம்கள் முளைத்தன. வசதியுள்ளவர்கள் அந்தப் பக்கம் போனார்கள். பரம ஏழைகளுக்கு உதவித்தொகை இருந்தது. இரண்டுக்கும் நடுவிலிருந்தவர்கள் போவதையே விட்டார்கள். பிள்ளைகள் மறுபடியும் வகைவகையாகப் பிரிந்தார்கள்.

2020-இல் பெருந்தொற்று ஊரடங்குக்குப் பிறகு, பள்ளி இழந்த பிள்ளைகளுக்காகப் பிரெஞ்சு அரசு கற்றலோடு கூடிய விடுமுறை முகாம்களை அறிவித்து, பின்தங்கிய பகுதிப் பிள்ளைகளின் செலவில் பெரும்பங்கை ஏற்றது. வரவேற்கவேண்டிய காரியம், எத்தனையோ பிள்ளைகள் அந்தக் கோடையில் முதன்முறையாகத் தங்கள் அடுக்குமாடியை விட்டு வெளியே வந்தார்கள். ஆனால் பணம் இன்னாருக்கு என்று வரையறுக்கும்போது, அந்த முகாமில் இன்னார் மட்டுமே சேர்ந்துவிடும் நிலை வரும். உதவி தேவைப்படுவோரைத் தேடிக் கொடுப்பதே சிக்கனம், எல்லோருக்கும் கொடுத்தால் பணம் வீண் என்று நிதித்துறைகள் எங்கும் சொல்கின்றன. பாரிஸின் பழைய உணவுக்கூடங்கள் அதற்கு நடைமுறையிலேயே விடை சொல்லியிருக்கின்றன: கொடுக்க முடிந்தவர் கொடுக்கட்டும், முடியாதவர் கொடுக்க வேண்டாம், எல்லோரும் ஒரே மேசையில் உட்காரட்டும். பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப்போகும் எந்த நகராட்சிக்கும் எந்தத் தன்னார்வக் குழுவுக்கும் அந்த வழி இன்றும் திறந்தே இருக்கிறது. அதைப் பின்பற்ற விரும்புவோர் முதலில் மாற்றவேண்டியது விண்ணப்பப் படிவத்தை. வருமானச் சான்றிதழை அலுவலகத்தோடு நிறுத்திக்கொண்டு, பேருந்தில் ஏறும் பிள்ளைகளின் பட்டியலில் பெயரையும் வகுப்பையும் மட்டும் எழுதவேண்டும்.